பினாங்கு விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காரைக்குடியில் பயண ஏற்பாடு செய்து தருவது என் தொழில். தை பிறக்கப் போகிறது என்றால் எங்களைத் தேடி இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கிறவர்கள், திரும்பி வர வண்டி கேட்பார்கள். அப்புறம், “தம்பி, பூசத்துக்குப் பினாங்கு போகணும், எவ்வளவு ஆகும்?” என்று கேட்கும் ஆச்சிமார்கள். மலேசியாவில் இருக்கும் அந்தப் பினாங்குத் தீவைப் பற்றியும் அதன் விமான நிலையத்தைப் பற்றியும்தான் இன்று பேசப் போகிறேன். நம் பக்கத்துக்கும் ஒரு விமான நிலையம் வேண்டும் என்று ஊரே பேசிக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் அந்தத் தீவின் கதை நமக்கு உதவும்.

நம் ஐயாக்கள் காலத்தில் பினாங்குக்குக் கப்பல்தான். ‘ரஜூலா’ என்ற கப்பலின் பெயர் பழைய ஆட்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும். 1926-இல் கட்டியது. சென்னையில் கிளம்பி, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்குக்குப் போகும். நாகையில் அது கரைக்கு வராது. தோணியில் போய்த்தான் ஏறவேண்டும். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போகும் பெட்டியடிப் பையன்கள், அதாவது கடையில் வேலை பழகும் சிறுவர்கள், மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு போவார்கள். போனால் திரும்ப மூன்று வருஷம். பின்னாளில் ‘சிதம்பரம்’ கப்பல் ஓடியது. 1985-இல் அதில் தீப்பிடித்தது. அதோடு அந்தக் கடல்வழியும் முடிந்தது. இப்போது நிலைமையே வேறு. 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் விட்டார்கள், ஏறக்குறைய நாலு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். திருச்சியில் ஏறி, கோலாலம்பூரில் மாறிப் போகிறவர்களும் நம்மில் நிறையப் பேர்.

சரி, இறங்குகிற இடம் எப்படி இருக்கிறது? தீவின் தென்கிழக்கு மூலையில் பாயான் லெப்பாஸ் என்ற ஊர். 1935-இல் திறந்த விமான நிலையம் அது. மலேசியாவிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. ஜார்ஜ் டவுன் நகரம் 16 கிலோமீட்டர்தான். ஓடுபாதை ஒன்றே ஒன்று, 3,352 மீட்டர் நீளம். மேற்கே மலை, கிழக்கே தொழிற்பேட்டையும் கடலும். தீவே மொத்தம் ஏறக்குறைய 300 சதுர கிலோமீட்டர்தான். இன்னொரு ஓடுபாதை போட நினைத்தாலும் இடத்துக்கு எங்கே போவது?

கட்டடத்தை வருஷத்துக்கு 65 லட்சம் பேருக்கென்று அமைத்திருந்தார்கள். 2019-இல் வந்து போனவர்கள் 83 லட்சம் பேர். அந்த நெரிசல் எப்படியிருக்கும் என்பதை அங்கே குடிநுழைவு வரிசையில் ஒரு பெரியவரைக் கையைப் பிடித்து நிறுத்தி வைத்தவர்களுக்குத்தான் தெரியும். உட்கார இடம் கிடைக்காது. முன்னால் இறங்கிய விமானத்துக் கூட்டமே கரைந்திருக்காது, அதற்குள் அடுத்தது வந்து சேரும். இப்போது 1 கோடியே 20 லட்சம் பேருக்கு இடம் கொடுக்கும்படி விரிவாக்க வேலை நடக்கிறது. அது முடியும்வரை போகிறவர்கள் பொறுமையோடுதான் போகவேண்டும்.

அதிலும் நாம் போகும் நேரம் இருக்கிறதே, அது சரியான நெருக்கடி நேரம். தைப்பூசத்தை ஒட்டித்தான் சீனப் புத்தாண்டும் வரும். பினாங்கில் சீனர்கள் அதிகம்; வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லாம் அப்போது வீட்டுக்குத் திரும்புவார்கள். அதனால் கட்டணமும் ஏறும், வரிசையும் நீளும். பூசத்துக்கு மறுநாளே ஊர் திரும்ப டிக்கெட் போடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். இரண்டு நாள் தள்ளிப் போட்டால் உடம்புக்கும் நல்லது, பைக்கும் நல்லது. இன்னொன்று, மலேசியாவுக்குள் போக மின்னணு வருகை அட்டையை வலைத்தளத்தில் நிரப்பியாக வேண்டும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் செய்ய வேண்டிய வேலை அது. ஆச்சிமார்களுக்குப் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். அங்கே போய் வரிசையில் நின்றுகொண்டு, கண்ணாடியைத் தேடி எடுத்து, போனில் எழுத்தெழுத்தாகத் தட்டுகிற கஷ்டம் அவர்களுக்கு வேண்டாம்.

இனி நான் முக்கியமாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். பினாங்கு என்றால் உல்லாசத் தீவு என்றுதான் விளம்பரங்கள் சொல்லும். வடக்கே பத்து ஃபெரிங்கி கடற்கரை, கம்பி ரயிலில் ஏறிப் போகும் பினாங்கு மலை, 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ் டவுன் தெருக்கள், தெருவோரச் சாப்பாடு. எல்லாம் உண்மை. ஆனால் பெட்டி வரும் பட்டை அருகே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், அங்கே சுற்றுலாக்காரர்கள் ஒரு பங்குதான்.

ஒரு முறை எங்கள் விமானத்துக்குச் சற்று முன்னால் மேடானிலிருந்து ஒரு விமானம் வந்திருந்தது. மேடான் என்பது மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம், சுமத்ராவில் இருக்கும் இந்தோனேசிய நகரம். ஒரு மணி நேரம்கூட ஆகாத பறப்பு. அதில் வந்த கூட்டத்தில் உல்லாசத்துக்கு வந்தவர் மாதிரி யாரையும் நான் பார்க்கவில்லை. சக்கர நாற்காலிகள் வரிசையாக வெளியே வந்தன. ஒரு முதியவர் பெரிய எக்ஸ்ரே உறையை மடியில் வைத்து, அது வளைந்துவிடக் கூடாதே என்று இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பக்கத்தில் மகள், ஒரு கையில் பாஸ்போர்ட்டுகள், இன்னொரு கையில் பிளாஸ்க். பினாங்கின் மருத்துவமனைகளை நம்பி இந்தோனேசியாவிலிருந்து ஆண்டு முழுக்க நோயாளிகள் வருகிறார்கள். எங்களோடு வந்த ஆச்சி ஒருவர் அந்தப் பெரியவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவரும் தலையை அசைத்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது.

பயணிகள் கண்ணில் படாத இன்னொரு பக்கம் சரக்குப் பகுதி. பாயான் லெப்பாஸில் 1972-இல் சுதந்திர வர்த்தகத் தொழிற்பேட்டை வந்தது. இன்டெல் நிறுவனம் அதே ஆண்டில் அங்கே தொழிற்சாலை போட்டது. அப்புறம் ஒவ்வொன்றாக மற்ற நிறுவனங்களும் வந்து சேர்ந்தன. சிப் என்கிற சில்லு கையளவுப் பொருள், எடை குறைவு, விலை அதிகம், கேட்ட இடத்துக்கு உடனே போய்ச் சேரவேண்டும். அதனால் கப்பலுக்குக் காத்திருக்காமல் விமானத்தில் ஏறுகிறது. தொழிற்சாலையும் ஓடுபாதையும் அண்டை வீடுகள் போல இருப்பது அந்த ஊரின் பெரிய பலம்.

அடுத்து நாம். வாட்டர்ஃபால் சாலையில் 1857-இல் எழுந்த நகரத்தார் தண்டாயுதபாணி கோயில், பூசத்துக்கு முதல்நாள் பினாங்கு வீதியிலிருந்து கிளம்பும் வெள்ளித் தேர், தேர் போகும் வழியெல்லாம் குவியல் குவியலாகச் சிதறு தேங்காய். தமிழர்களோடு சீனர்களும் வேண்டிக்கொண்டு தேங்காய் உடைக்கிறார்கள். பாட்டன் காலத்துப் புள்ளிக் கணக்கை, அதாவது கோயிலில் பதிந்த குடும்பக் கணக்கைப் பிடித்துக்கொண்டு இன்றும் இங்கிருந்து போய் நிற்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களை எந்தச் சுற்றுலாக் கணக்கில் சேர்ப்பது?

நோயாளி, சில்லுப் பெட்டி, பக்தர், தொழிற்சாலைப் பொறியாளர், விடுமுறைக்கு வரும் குடும்பம். இத்தனை பேரும் சேர்ந்துதான் அந்த ஒற்றை ஓடுபாதையை வருஷம் முழுக்க ஓயாமல் வைத்திருக்கிறார்கள். கடற்கரைக்கு வருகிறவர்களை மட்டும் நம்பியிருந்தால் மழை மாதங்களில் பாதி விமானம் நின்றுவிடும்.

நம் ஊருக்கு வருவோம். செட்டிநாட்டில் கால்நடைப் பண்ணை நிலத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுபாதை கிடக்கிறது. அங்கே விமானம் வரவேண்டும் என்று கேட்கிறவர்களில் நானும் ஒருவன். மதுரை ஆனாலும் திருச்சி ஆனாலும் நமக்கு இரண்டு மணி நேர ஓட்டம். விடியற்காலை விமானம் என்றால் ராத்திரித் தூக்கமே கிடையாது. ஆனால் கேட்கும்போது நாம் சொல்லும் காரணம் எப்போதும் ஒன்றாகத்தான் இருக்கிறது: முற்றம் வைத்த பெரிய வளவு வீடுகளைப் பார்க்க வெளிநாட்டார் வருகிறார்கள், ஆத்தங்குடித் தரையையும் பர்மாத் தேக்குத் தூண்களையும் படம் எடுக்க வருகிறார்கள் என்கிறோம். அவர்கள் வரட்டும், நல்லது. என் தொழிலே அவர்களால் நடக்கிறது. என்றாலும் அவர்கள் வருவது கார்த்திகையிலிருந்து மாசிவரை. பங்குனி, சித்திரை வெயிலில் கானாடுகாத்தான் தெருவில் எத்தனை வெளியூர்க்காரர்களைப் பார்க்கிறோம்? அவர்களை மட்டும் நம்பி ஒரு விமானம் வந்தால் நாலு மாதம் பறக்கும், அப்புறம் நின்றுவிடும். நின்றதைத் திரும்ப ஓட வைப்பது புதிதாகத் தொடங்குவதைவிடக் கடினம்.

அதனால் நம் கோரிக்கையில் மற்றவர்களையும் எழுத வேண்டும். அழகப்பா பல்கலைக்கழகத்துக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கும் வந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். இதய சிகிச்சைக்கும் புற்றுநோய் சிகிச்சைக்கும் சென்னைக்கு ரயிலில் உட்கார்ந்து போக முடியாத நோயாளிகள் இருக்கிறார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேலை பார்க்கிற, சுற்றுக் கிராமங்களின் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கண்டாங்கிச் சேலையும், ஓலையில் பின்னிய கொட்டானும், டின்னில் அடைத்த தேன்குழலும் சீடையும் வெளியூருக்குப் போகத்தான் செய்கின்றன. இன்று எல்லாமே லாரியில் திருச்சிக்கும் சென்னைக்கும் போய்த்தான் விமானம் ஏறுகின்றன. இதற்கெல்லாம் ஒரு சிறிய சரக்குக் கூடம் முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இடம் போய்விடும். பாயான் லெப்பாஸில் இன்று தவிப்பதே அந்த இடத்துக்காகத்தான். நமக்கு நிலம் இருக்கிறது.

வணிகர் சங்கங்களும், நகரத்தார் சங்கங்களும், கல்லூரி முதல்வர்களும், மருத்துவர்களும் தனித்தனியாக மனுக் கொடுப்பதை விட்டு ஒரே மனுவாகக் கொடுக்கலாம். எந்த மாதம் எத்தனை பேர் எங்கே போகிறார்கள், எவ்வளவு சரக்கு கிளம்புகிறது என்ற கணக்கு அதில் மாதவாரியாக இருக்க வேண்டும். எங்கள் தொழிலில் இருக்கிறவர்களிடம் பதிவேடுகள் இருக்கின்றன. என்னிடம் இருப்பதைக் கொடுக்க நான் தயார். மற்ற பயண ஏற்பாட்டாளர்களும் தங்களிடம் இருப்பதைத் தரவேண்டும் என்று இந்த ஒலிபரப்பின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

வணக்கம்.