ஐம்பத்தொரு வயதில் வரைந்த போர்

எல்லோருக்கும் வணக்கம். படம் வரைகிற பிள்ளைகள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள், அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். ஷிகேரு மிசுகி என்கிற ஜப்பானிய காமிக்ஸ் ஓவியரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பேய்க்கதைக்காரர் என்றுதான் அவரைச் சொல்வார்கள். அவருடைய ஒற்றைக்கண் பேய்ப்பையன் கிடாரோவை அங்கே குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் என்னைக் கேட்டால், போரை வரைந்தவர்களில் அவருக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

பிறந்தது 1922-ல், வளர்ந்தது சகாய்மினாடோ என்ற சின்னத் துறைமுக ஊரில். நோன்நோன்பா என்று அவர் கூப்பிட்ட ஒரு பாட்டி சொன்ன பேய்க்கதைகளைக் கேட்டுக்கேட்டு வளர்ந்த பையன். இரண்டாம் உலகப் போரின்போது அந்தப் பையனை ராணுவம் பிடித்துக்கொண்டு போய், இன்றைக்குப் பப்புவா நியூகினியில் இருக்கிற நியூ பிரிட்டன் தீவில் இறக்கிவிட்டது. முன்வரிசைக் காவலில் இருந்த அவருடைய குழு திடீர்த் தாக்குதலில் அழிந்துபோக, இவர் கடலில் குதித்து, காடும் கரையுமாக அலைந்து எப்படியோ முகாமுக்கு வந்து சேர்ந்தார். வந்தவருக்குக் கிடைத்தது ஏச்சுதான்: துப்பாக்கி எங்கே, எல்லோரும் செத்திருக்க நீ மட்டும் ஏன் வந்தாய்? அப்புறம் மலேரியா. காய்ச்சலோடு கிடந்தபோது விமானத் தாக்குதலில் இடது கை போனது.

ஊர் திரும்பியபின் அவர் செய்த வேலைகளில் ஒன்று தெருக்கதைக்குப் படம் போடுவது. சைக்கிளில் மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து, பட அட்டைகளை ஒவ்வொன்றாக உருவிக் கதை சொல்லி, பிள்ளைகளுக்கு மிட்டாய் விற்பார்கள். அந்த அட்டைகளை வரைந்துகொடுத்தவர்களில் இவரும் ஒருவர். அந்தத் தொழிலும் நொடித்துப்போக, டோக்கியோவுக்கு வந்து, நம்மூர் லெண்டிங் லைப்ரரி மாதிரியான கடைகளுக்கென்றே அச்சடித்த காமிக்ஸ் புத்தகங்களை வரைந்தார். கூலி சொற்பம், அதையும் தராமலே பதிப்பாளர் திவாலாகிவிடுவதுண்டு. 1965-ல் கோடன்ஷா பதிப்பகத்தின் காமிக்ஸ் விருது கிடைத்தபோது அவருக்கு வயது 43. 1968-ல் கிடாரோ டிவிக்கு வந்தான். அதன்பிறகு சோற்றுக்குக் கவலையில்லை.

1973-ல், 51 வயதில்தான் அந்தத் தீவை ஒரு முழுப் புத்தகமாக வரைந்தார். ஆங்கிலத்தில் 'ஆன்வர்ட் டுவர்ட்ஸ் அவர் நோபல் டெத்ஸ்' என்று கிடைக்கிறது. தொண்ணூறு சதவீதம் உண்மை என்று அவரே எழுதியிருக்கிறார். தற்கொலைத் தாக்குதலுக்கு உத்தரவு போகிறது, வீர மரணம் என்று தலைமையிடத்துக்குத் தகவலும் போய்விடுகிறது, ஆனால் சிலர் உயிரோடு திரும்பி வந்துவிடுகிறார்கள். சொன்ன சொல் பொய்யாகிவிடக் கூடாதே என்பதற்காக அவர்களை மறுபடியும் சாக அனுப்புகிறார்கள். இதைப் படித்துவிட்டு எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

பக்கத்தைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பாருங்கள். சிப்பாய்கள் எல்லாம் கார்ட்டூன் ஆட்கள், உருண்டை மூக்கு, நாலு கோட்டில் முடிந்துபோகிற முகம். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, காரணமே இல்லாமல் மேலதிகாரியிடம் அறை. பிடித்த மீனை வாயில் கவ்வியபடி இன்னொன்றைப் பிடிக்கப் போன ஒருவன், அந்த மீன் தொண்டையில் சிக்கிச் செத்துப்போகிறான். போர்ப் படங்களில் இப்படி ஒரு சாவை எங்கே பார்த்திருக்கிறீர்கள்? இந்த எளிய ஆட்களுக்குப் பின்னால் இருக்கிற காடு மட்டும் புகைப்படம் போலத் துல்லியம். இலை இலையாக, புள்ளி புள்ளியாக மையை வைத்து வைத்து இழைத்திருக்கிறார். கடைசிப் பக்கங்களுக்கு வரும்போது அந்தத் துல்லியம் பிணங்களுக்கு வந்துவிடுகிறது. உயிரோடு இருந்தவரை கார்ட்டூனாகத் திரிந்தவர்கள் செத்த பிறகுதான் நிஜ மனிதர்களாகத் தெரிகிறார்கள். வசனம் எதுவும் அங்கே தேவைப்படவில்லை.

இது திடீரென்று வந்த கைவண்ணம் இல்லை என்பதைத்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நிஜமான இடத்துக்குள் ஒரு பொய்யுருவத்தை நிறுத்தி நம்பவைப்பதைப் பேய்க்கதைகளில்தான் அவர் பழகினார். இடிந்த கோயில், சுடுகாடு, பழைய வீடு எல்லாவற்றையும் அச்சு அசலாகப் போட்டு, நடுவில் ஒரு கண்விழியை நடக்கவிடுவார் (கிடாரோவின் அப்பா வெறும் கண்விழிதான்!). காசுக்காக வரைந்தார் என்று அந்த வருஷங்களை ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது. அந்தப் பேய்கள் இல்லாமல் இந்தப் போர்ப் புத்தகம் இல்லை.

விருதுகள் பின்னால் வந்தன: 2007-ல், அந்தப் பாட்டியை வைத்து வரைந்த 'நோன்நோன்பா' புத்தகத்துக்கு பிரான்சின் ஆங்குலேம் காமிக்ஸ் விழாவில் சிறந்த ஆல்பம் (காமிக்ஸ் புத்தகம்) விருது, 2012-ல் இந்தப் போர் நாவலுக்கு அமெரிக்காவின் ஐஸ்னர் காமிக்ஸ் விருது. 2015-ல், 93 வயதில் காலமானார்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பீர்கள். 'நோன்நோன்பா'வை முதலில் படியுங்கள், உடனே போர் நாவல். அதன்பிறகும் ஆசை இருந்தால் 'ஷோவா', ஆங்கிலத்தில் நாலு தொகுதி, நாட்டின் வரலாறும் அவர் வாழ்க்கையும் பின்னிப் போகும். சரி, இப்போது அந்தக் காட்டுப் பக்கத்தைப் பெரிதாக்கித் திரையில் போடச் சொல்கிறேன், பேனாவை எங்கே அழுத்தியிருக்கிறார், எங்கே விட்டிருக்கிறார் என்று சேர்ந்து பார்ப்போம்.