போர்வெல் போடறதுக்கு முன்னாடி கிணத்துல அளக்கற டேப்பை இறக்குங்க

வணக்கங்க. 2017 ஏப்ரல்ல எங்க தோட்டத்துல ஒரு போர் போட்டோம், 820 அடி. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ரிக் வண்டி பக்கத்துலயே நின்னுட்டு இருந்தேன், வெள்ளைப் புழுதி பறந்துச்சே தவிர ஈரம்னு ஒண்ணுமே வரல. அதுக்கு முந்துன வருஷம் தமிழ்நாட்டுல வடகிழக்கு பருவமழை 62 சதவீதம் கம்மி, ஜனவரிலயே அரசாங்கம் மாநிலம் முழுக்க வறட்சின்னு அறிவிச்சிருந்தாங்க. தென்னை காஞ்சுக்கிட்டு இருக்கு, பக்கத்து தோட்டத்துல 700 அடில தண்ணி வந்திருக்கு, நாம இன்னும் நூறு அடி கீழ போனா வந்துடும்னு தான் எல்லாரும் நினைக்கறோம், நானும் அப்படித் தான் நினைச்சேன். அது ஏன் தப்புன்னு இன்னைக்கு கணக்கு போட்டே காட்டறேன்.

[திரையில்: கிணறு, மண், மொரம்பு, பாறை, பாறை வெடிப்பு தெரியற படம்]

தமிழ்நாட்டுல ஏறக்குறைய முக்கால்வாசி நிலம் அடியில கெட்டிப்பாறை தான். கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், தர்மபுரி எல்லாம் இந்த வகை. மேல மண்ணு, அதுக்குக் கீழ மொரம்பு, அதாவது பாறை மக்கி உதிர்ந்த சரளை, அதுக்கும் கீழ பாறை. தண்ணி நிக்கறது மொரம்புலயும் பாறையில இருக்கற வெடிப்புலயும் மட்டும் தான், பூமிக்குள்ள ஆறு ஓடுதுன்னு சொல்றது எல்லாம் நம்ம ஊருக்குப் பொருந்தாதுங்க. கீழ போகப் போக வெடிப்பு குறைஞ்சுட்டே வரும். நீங்க 1,000 அடில ஒரு வெடிப்பைத் தொட்டு நல்லா தண்ணி வந்துச்சுன்னா, பல சமயம் அதே வெடிப்பு மேல போய் பக்கத்துக்காரர் போரோடயும் உங்க பழைய கிணத்தோடயும் சேர்ந்து தான் இருக்கும். அதனால தான் ஒருத்தர் ஆழமா போட்ட அடுத்த மாசமே நாலு பேர் போர் நின்னு போகுது. புதுத் தண்ணி கிடைக்கல, இருந்த தண்ணி கைமாறுது, அவ்வளவு தான்.

சரி, இப்ப கணக்கு. ஒரு ஏக்கர்ல 1 மில்லிமீட்டர் மழை பேஞ்சா சுமார் 4,000 லிட்டர். கொங்குப் பக்கம் வருஷத்துக்கு 700 மில்லிமீட்டர்னு வச்சுக்கங்க, 28 லட்சம் லிட்டர் ஆச்சு. கேக்க பெருசா இருக்கு, ஆனா பாறை நிலத்துல இதுல பத்துல ஒரு பங்கு தான் நிலத்தடிக்கு இறங்கும், மீதி ஆவியாகும், செடி குடிக்கும், பள்ளத்துல ஓடிப் போகும். ஆக ஒரு ஏக்கருக்கு 2.8 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரில 23 லோடு. நல்ல மழை வருஷத்துலயே ஒரு ஏக்கர் சம்பாதிக்கறது இவ்வளவு தான்.

இப்ப செலவைப் பாருங்க. ஒரு போகம் நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் வேணும், அது 48 லட்சம் லிட்டர். இதுல கொஞ்சம் மழையாவே விழும், கொஞ்சம் திரும்ப மண்ணுக்குள்ள இறங்கும், அதைக் கழிச்சாலும் ஒரு ஏக்கர் நெல்லுக்கு பல ஏக்கரோட தண்ணி போகுது. கரும்பு, வாழை இன்னும் மோசம். அந்த பல ஏக்கர் யாரோடது? பக்கத்துக்காரங்களோடது, இல்லைன்னா பத்து வருஷத்துக்கு முன்னாடி பேஞ்ச மழையோட மிச்சம்.

இன்னொண்ணு, இது தான் எனக்கு ரொம்ப லேட்டா புரிஞ்சது. இந்தப் பாறைல 100 பங்குக்கு 1ல இருந்து 3 பங்கு தான் நாம எடுக்கக் கூடிய தண்ணி. 2 பங்குன்னு வச்சா, ஒரு ஏக்கருக்கு அடியில நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினா நாம எடுத்தது வெறும் 80,000 லிட்டர். மணிக்கு 10,000 லிட்டர் தள்ளற மோட்டார் எட்டு மணி நேரம் ஓடினா முடிஞ்சுது. விவசாயத்துக்கு கரண்ட் இலவசம், அது இல்லாம நம்ம சனம் பொழைச்சிருக்க முடியாது, அதை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனா கரண்ட் இருக்கற வரைக்கும் ஓடட்டும்னு, கரண்ட் வந்ததும் தானா மோட்டாரைப் போடற ஆட்டோ ஸ்டார்ட்டர்ல விடறது நம்ம கிணத்தையே கொல்லுதுங்க.

எங்க அப்புச்சி, அம்மாவோட அப்பா, இதை வேற மாதிரி பண்ணினாரு. தை மாசம் கிணத்துல எத்தனை படி வெளிய தெரியுதுன்னு எண்ணுவாரு, அதை வச்சுத் தான் அடுத்த வெள்ளாமை. தண்ணி மேல இருந்தா மஞ்சள், நடுவுல இருந்தா நிலக்கடலை, ரொம்பக் கீழ போயிருந்தா சோளம், கொள்ளு. அந்தப் படி எண்ணறதை தான் இன்னைக்கு நீர் பட்ஜெட்னு சொல்றாங்க.

மகாராஷ்டிராவுல அகில்யாநகர் (பழைய பேரு அகமத்நகர்) மாவட்டத்துல ஹிவ்ரே பஜார்னு ஒரு கிராமம், போபட்ராவ் பவார் சர்பஞ்சா, அதாவது ஊராட்சித் தலைவரா, வந்த பின்னாடி ஊரே சேர்ந்து தடுப்பணையும் வரப்பும் போட்டாங்க. தடுப்பணை எல்லா ஊர்லயும் கட்டறாங்க, அது பெரிய விஷயம் இல்லைங்க. பாசனத்துக்கு போர்வெல் கூடாது, கரும்பு, வாழை கூடாதுன்னு ஊர்க்கூட்டத்துல முடிவு எடுத்து, வருஷா வருஷம் மழையை அளந்து, குடிக்க, ஆடு மாட்டுக்கு எடுத்து வச்சது போக மீதியைத் தான் வெள்ளாமைக்குன்னு பிரிக்கறாங்க பாருங்க, அது தான் பெருசு. அவருக்கு 2020ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. தெலங்கானா பிரியறதுக்கு முந்துன ஆந்திராவுலயும் 7 வறட்சி மாவட்டத்துல விவசாயிகளே மழைமானி வச்சு, கிணத்தை அளந்து, கூட்டத்துல உக்காந்து கணக்குப் போட்டிருக்காங்க.

வறட்சி வந்தே போச்சு, இப்ப என்ன பண்றதுன்னு கேப்பீங்க. குடிதண்ணி போரைத் தனியா விட்டுடுங்க, அதுக்குப் பக்கத்துல பாசன போர் ஓட வேண்டாம். புதுசா நடவு வேண்டாம், இருக்கற மரத்தைக் காப்பாத்தற வருஷம் இது. தென்னைக்கு வாய்க்கால்ல விடாம சொட்டுநீர் போடுங்க, பாத்தில தேங்கா உரிமட்டையைப் பதிச்சு மேல ஓலையைப் பரப்புங்க, ஈரம் நிக்கும். குளம், குட்டை காஞ்சு கிடக்கறப்ப தான் தூர் வார முடியும், ஆனா குட்டையை மட்டும் வாரிட்டு வர்ற வாய்க்காலை மறந்துடறோம், அது அடைச்சிருந்தா குட்டை எவ்வளவு ஆழமா இருந்தும் பிரயோஜனம் இல்லை. அத்திக்கடவு அவிநாசி திட்டத்துல 2024ல இருந்து பவானி ஆத்து உபரித் தண்ணி 1,045 குளம் குட்டைக்கு வர்ற மாதிரி பண்ணியிருக்காங்க, அந்தக் குளங்க பக்கத்துல இருக்கறவங்க இதை ரொம்ப கவனிக்கணும்.

மழைத்தண்ணியைக் கிணத்துக்குள்ள விடறீங்கன்னா ஜல்லி, மணல் போட்ட வடிகட்டிக் குழி வழியா மட்டும் விடுங்க. சாக்கடையோ சாயத் தண்ணியோ கலந்த ஓடையை விட்டீங்கன்னா ஊர்த் தண்ணியே கெட்டுடும், திரும்ப சரி பண்றது ரொம்ப கஷ்டம். காஞ்ச போரை இன்னைக்கே மூடி போட்டு வெல்டிங் அடிங்க, 2019 அக்டோபர்ல மணப்பாறை பக்கம் ரெண்டு வயசுக் குழந்தை போனதை மறந்துடாதீங்க.

[திரையில்: கிணத்து மேட்டுல டேப்போட கை]

கிணத்தை அளக்கறதுக்கு 100 அடி டேப், நுனில ஒரு வெயிட், அது போதும். காலைல மோட்டார் போடறதுக்கு முன்னாடி அளங்க, ராத்திரி ஊறின தண்ணி அப்ப தான் சரியாத் தெரியும். எப்பவும் ஒரே இடத்துல நின்னு அளக்கணும், சுவத்துல பெயிண்ட்ல ஒரு கோடு போட்டுக்கங்க. 15 நாளைக்கு ஒரு தடவை, தேதியோட நோட்ல எழுதுங்க. பக்கத்து நாலு தோட்டத்துக்காரங்களையும் எழுதச் சொல்லுங்க, நாலு நோட்டையும் ஒரே நாள் ஒரே திண்ணைல வச்சுப் பாருங்க, யார் மோட்டார் ஓடினா யார் கிணறு இறங்குதுன்னு அதுலயே தெரிஞ்சுடும்.

எங்க கிணத்துல இன்னைக்கு காலைல கோட்டுல இருந்து தண்ணி வரைக்கும் 61 அடி. உங்களுது எத்தனைன்னு ஊர் பேரோட கீழ எழுதுங்க.