விளிம்பில் இருக்கும் துளைகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஆப்பிரிக்க முகமூடிகளைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். தலைப்பிலேயே எனக்கு ஒரு சங்கடம். முகமூடி என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவன் கொள்ளைக்காரன்தான். ஆளை மறைப்பது என்ற பொருள் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு, ஆப்பிரிக்கா ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கொண்ட கண்டம். அத்தனைக்கும் சேர்த்து ஒரே மூச்சில் பேசுகிறவரை நம்பாதீர்கள். நான் பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனின் மெண்டே மக்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அங்கே பெண்களுக்கென்று சாண்டே என்ற சங்கம் உண்டு. வயதுக்கு வரும் பெண்பிள்ளைகளைப் பழக்கி, முழுப் பெண்ணாக ஊருக்குத் திருப்பி அனுப்புவது அதன் பொறுப்பு. அந்தச் சடங்கில் பிறப்புறுப்பை அறுக்கும் வழக்கமும் இருக்கிறது. அதை எதிர்த்து அந்நாட்டுப் பெண்களே போராடுகிறார்கள். அழகைப் பேச வந்த இடத்தில் இதை விழுங்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

இந்தச் சங்கத்தின் முகமூடிதான் சோவெய். ஆப்பிரிக்காவில் பெரும்பாலான முகமூடிகளை ஆண்கள்தான் அணிவார்கள். சோவெயைச் செதுக்குவது ஆண், அணிவது பெண். ஒரே மரத்துண்டைக் குடைந்து, குடத்தைக் கவிழ்த்தாற்போலத் தலை முழுவதும் இறங்கும்படி செய்கிறார்கள். கறுப்பேற்றி, எண்ணெய் பூசிப் பளபளக்க வைக்கிறார்கள். அகன்ற நெற்றி, தாழ்ந்த இமைகள், சின்னஞ்சிறிய மூடிய வாய்: பொறுமையும் வாயடக்கமும். தலையில் நுணுக்கமான பின்னல்கள். சிலவற்றின் உச்சியில் ஐரோப்பியக் கிரீடமோ தொப்பியோகூட இருக்கும். கழுத்தில் வளையம் வளையமாக மடிப்புகள். செழிப்பின் அடையாளம் என்பார்கள். நீருக்கடியில் வாழும் ஆவி தலையை உயர்த்தி வெளியே வரும்போது சுற்றிலும் எழும் அலைகள் அவை என்றும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது விளக்கம்.

அந்த ஆவி ஊருக்குள் வரும்போது ஆடுபவளின் தோல் ஓர் இடத்திலும் தெரியக் கூடாது. கைகால்களைத் துணி மூடியிருக்கும். உடலை ராஃபியா என்ற பனைவகையின் அடர்ந்த கறுப்பு நார் மூடியிருக்கும். அவள் பேசுவதில்லை. அவள் இன்னார் என்று தெரிந்தவர்களும் பெயரைச் சொல்வதில்லை. வந்திருப்பது அவள் அல்லவே! இந்தக் கம்பீரத்துக்கு நடுவே கோண்டே என்ற கோமாளியும் வரும். அடிபட்ட பழைய முகமூடி, கந்தல் உடை. நாட்டியத்தையே கேலி செய்து ஆடும். புனிதத்தோடு சிரிப்பையும் ஒரே களத்தில் விட்ட அந்த ஊர்க்காரர்களை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

இனி பாரிஸ். 1907-இல் ஓவியர் பிக்காசோ, ஆப்பிரிக்க முகமூடிகள் வைக்கப்பட்டிருந்த ட்ரொக்கடேரோ அருங்காட்சியகத்துக்குப் போனார். அதே ஆண்டு அவர் முடித்த 'அவிஞோன் பெண்கள்' ஓவியத்தில் வலப்பக்கத்து இரண்டு முகங்கள் முகமூடிகளைப் போல மாறிவிட்டன. ஆப்பிரிக்கத் தாக்கம் இல்லையென்று அவர் பின்னாளில் மறுத்ததும் உண்டு. எனக்கு அதைவிட முக்கியம் 1912. மேற்கு ஆப்பிரிக்காவின் கிரேபோ மக்கள் செய்த முகமூடி ஒன்று அவரிடம் இருந்தது. அதில் கண்கள் குழிகள் அல்ல, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உருளைகள். உள்ளே போகவேண்டியது வெளியே வந்து நிற்கிறது. ஆனாலும் பார்ப்பவர் அதைக் கண் என்றே படிக்கிறார். அந்த ஆண்டு பிக்காசோ அட்டையில் செய்த கித்தாரைப் பாருங்கள்: நடுத்துளை ஒரு குழாயாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இருபதாம் நூற்றாண்டுச் சிற்பக்கலையைத் திருப்பிவிட்ட யோசனை அது. அதை முதலில் யோசித்த கிரேபோ தச்சர் யார்? கேட்டு எழுதிவைக்க எவருக்கும் தோன்றவில்லை.

முகமூடிகளை ஐரோப்பாவுக்கு எடுத்துச் சென்றவர்கள் மரத்தை மட்டுமே எடுத்துச் சென்றார்கள். நாரும் பறையும் ஆட்டமும் அங்கேயே நின்றுவிட்டன. வண்டியில் ஏற்ற வசதியானது தலைதானே. அதனால்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் அது நமக்கு வெறும் 'முகமூடி'யாகத் தெரிகிறது.

அடுத்த முறை ஏதாவது அருங்காட்சியகத்தில் சோவெயைப் பார்த்தால் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கொஞ்சம் குனிந்து கழுத்தின் கீழ்விளிம்பைப் பாருங்கள். சுற்றிலும் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும். ராஃபியா நாரைக் கோத்துக் கட்டிய துளைகள் அவை.

நன்றி, வணக்கம்.