மழை பெய்யும் நேரமும் தோட்டத்து வருமானமும்

பெரியோர்களே, தாய்மார்களே, மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் என்று ரப்பர்ப் பால் மரமும் எண்ணெய் தரும் செம்பனையும் வைத்துப் பிழைக்கும் நண்பர்களே, வணக்கம்.

ஒரு மாதத்தில் எவ்வளவு மழை பெய்தது என்ற கணக்கைக் கொண்டு நம் நட்டத்தை அளந்துவிட முடியாது. அந்த மழை எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்பதே நான் இன்று சொல்ல வந்தது.

முதலில் பால் மரம். விடியற்காலையில் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை வெளியேற்றுவதால் அழுத்தம் தணிந்து பாலும் குறையும். அதற்காகத்தான் நம் பெற்றோர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு நிரைக்கு, அதாவது தங்கள் மர வரிசைக்குப் போனார்கள். பின்னிரவு மூன்று மணிக்கு மழை தொடங்கி ஒரு மணி நேரத்தில் விட்டுவிட்டாலும், விடியும்போது பட்டை ஈரமாகவே இருக்கும். அதில் பாலுக்காகக் கீறி வெட்டினால், பால் அந்த வெட்டுக்கோட்டை விட்டு விலகிப் பட்டையெங்கும் பரவி வீணாகும். வெட்டிய இடத்தில் நோயும் பற்றும். பட்டை காயட்டும் என்று காத்திருந்தால் பால் இறங்கும் வேளை போய்விடும். அதே மழை முந்தைய நாள் மாலை நான்கு மணிக்குப் பெய்திருந்தால் பெரும்பாலும் நமக்கு ஒரு காசு நட்டமில்லை. மழைமானியிலோ இரண்டும் ஒரே அளவுதான்.

என் தந்தை பால் வெட்டுக்காரர். மழை நாளில் காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விட்டு வெறும் வாளியோடு திரும்பி வந்து, ஈரச் சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அன்று கூலி இல்லை என்பதை அவர் சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

மாசி, பங்குனியில் மரம் இலையுதிர்த்துத் தளிர்விடும் வேளையில் மழை விடாது பிடித்தால் நட்டம் ஒரு நாளோடு நிற்காது. இளந்தளிரை நோய் தாக்கி மறுபடியும் உதிர்த்துவிடுவதால், வரும் வாரங்களின் பாலும் குறைகிறது. வெட்டுக்கோட்டுக்கு மேலே பிளாஸ்டிக் மழைக்காப்பு கட்டலாம். ஆனால் பால் விலை இறங்கிக் கிடக்கும்போது, மரத்துக்கு மரம் அந்தச் செலவைச் செய்யச் சிறுதோட்டக்காரர் தயங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

செம்பனையின் கணக்கு வேறு. இன்று நாம் அறுக்கும் குலை பெண் பூவாக உருவாகுமா, ஆண் பூவாகிக் குலையே இல்லாமல் போகுமா என்பது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மரத்துக்குள் முடிவாகிவிடுகிறது. அப்போது நீர் குறைந்திருந்தால் ஆண் பூக்களே மிகும். உருவான பூக்களும் வறட்சியில் கருகும். பசிபிக் கடல் சூடேறுவதால் வரும் எல் நினோ, 2015, 2016-இல் கொண்டுவந்த வறட்சியை நினைத்துப் பாருங்கள்: 2015-இல் ஏறத்தாழ 2 கோடி டன்னாக இருந்த நாட்டின் செம்பனை எண்ணெய் உற்பத்தி, 2016-இல் சுமார் 1.73 கோடி டன்னாக இறங்கியது. பெருமழையிலும் நிம்மதி இல்லை. மண்சாலையில் லாரி இறங்க முடியாமல், அறுத்த குலை ஓரிரு நாள் கிடந்தாலே எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெடும்.

நான் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தபோது, காலைதோறும் மழைமானியைப் பார்த்துப் பெரிய பேரேட்டில் எழுதுவது என் வேலை. தோட்டம் வீட்டுமனைகளான பிறகு அந்தப் பேரேடு எங்கே போனதோ! இருந்திருந்தாலும் அதில் அளவு மட்டுமே இருந்திருக்கும், நேரம் இருந்திருக்காது. மழைக்கால உதவி கேட்டு மனு எழுதும்போதும், மழைக்காப்புச் செலவு கட்டுமா என்று பார்க்கும்போதும், எத்தனை நாள் வெட்டு போனது என்று தேதியோடு காட்ட நம்மில் எத்தனை பேரிடம் ஒரு தாள் இருக்கிறது?

மண்டப வாசலில் நாற்பது நோட்டுப் புத்தகங்கள் வைத்திருக்கிறேன். தேதி, மழை தொடங்கிய நேரம், விட்ட நேரம், வெட்டிய மரங்கள், கிடைத்த பால் என்று முதல் பக்கத்தில் கோடு போட்டிருக்கிறேன். வீட்டுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகளிடம் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து இதே மண்டபத்தில் எல்லாவற்றையும் விரித்து வைத்து ஒன்றாகப் பார்ப்போம்.