அலெக்சாண்டரா, செங்கிஸ்கானா, நெப்போலியனா? மூதூரில் இருந்து வந்த சந்தேகம்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு சந்தேகத்துக்குத்தான் விளக்கம். மற்றவர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் கேள்விகளை எல்லாம் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

மூதூரில் உயர்தரம் படிக்கிற ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார்: “சேர், அலெக்சாண்டர், செங்கிஸ்கான், நெப்போலியன் மூன்று பேரில் உலக வரலாற்றை அதிகம் மாற்றியவர் யார்? நீங்கள் எதைப் பேசினாலும் கடைசியில் திருகோணமலைக்கே கொண்டுவந்து விடுகிறீர்கள். இந்த முறையாவது நேராகப் பதில் சொல்லுங்கள்.”

கடைசி வசனத்தை வாசித்து நான் சிரித்த சிரிப்பில் வீட்டுக்காரி குசினியில் இருந்து எட்டிப் பார்த்தார். ஆனால் இரவு படுத்த பிறகு அந்த வசனம்தான் குத்திக்கொண்டிருந்தது.

சரி, நேரான பதில். செங்கிஸ்கான். 1206இல் மொங்கோலியப் புல்வெளியில் சிதறிக் கிடந்த கூட்டங்களை ஒன்றாக்கினார். பேரன்மார் காலத்தில் அந்த ஆட்சி சீனக் கடலில் இருந்து கருங்கடல் வரை போய்விட்டது. வெடிமருந்தும் வணிகமும் கொள்ளைநோயும் அந்த வழிகளில்தான் மேற்கே பயணப்பட்டன. அலெக்சாண்டர் 32 வயதில் பாபிலோனில் காய்ச்சலில் செத்தார், அவர் பிடித்த நாடுகளைத் தளபதிகள் பங்குபோட்டுக்கொண்டார்கள். நெப்போலியனின் பேரரசு அவர் கண்முன்னாலேயே போய்விட்டது. 1804இல் கொண்டுவந்த சட்டக்கோவை மட்டும் இன்னும் பல நாடுகளில் உயிரோடு இருக்கிறது. இது பரீட்சைக்கு. எழுதிக்கொள்ளுங்கள்.

இனி, நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். இந்தப் பெரிய மனிதர்கள் எந்தக் காற்றுக்குக் காத்திருந்தார்கள்?

பழைய ஆட்கள் இப்போது “தொடங்கிவிட்டார்” என்று சொல்வது எனக்குக் கேட்கிறது. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது திருக்கடலூரில் ஒரு சம்மாட்டியார், அதாவது மீன்பிடி வள்ளங்களின் சொந்தக்காரர், இருந்தார். யார் பிந்தி வந்தாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: “எந்தக் காத்துக்கடா பாத்துக்கொண்டு நிண்டனி?” கலியாண வீட்டிலும் கேட்பார், செத்த வீட்டிலும் கேட்பார். பிற்காலத்தில் நான் வரலாறு படிப்பிக்கப் போனபோது, பாடப் புத்தகத்தில் இருந்த ஒவ்வொரு ராசாவிடமும் அதே கேள்வியைக் கேட்கத் தொடங்கினேன். பதில் வந்துகொண்டே இருந்தது.

வாஸ்கோ ட காமா பேச்சு நினைவிருக்கிறதா? இன்னொரு தடவை சொல்கிறேன், அலுப்பு இல்லை. 1498 ஏப்ரல் கடைசியில் ஆப்பிரிக்காவின் மலிந்தியில் இருந்து பாய் விரிக்கிறார். தென்மேற்குக் காற்று முதுகில். சுமார் 23 நாளில் கோழிக்கோட்டுப் பக்கம் வந்துவிட்டார். திரும்பும்போது கோழிக்கோட்டில் மனக்கசப்பு, பொறுமையும் இல்லை. வடகிழக்கில் இருந்து வரும் வாடைக்காற்று தொடங்குமுன்னே புறப்பட்டார். அதே கடலைக் கடக்க ஏறக்குறைய மூன்று மாதம். பல் ஈறு வீங்கும் நோயில் மாலுமிகள் வரிசையாகச் செத்தார்கள். கடைசியில் ஓட்ட ஆள் காணாமல் ஒரு கப்பலைத் தாங்களே கொளுத்தினார்கள். கடல் அதே கடல், ஆள் அதே ஆள். மாறினது காற்று மட்டும்தான்.

தங்கச்சி கேட்ட ஆட்களிடமும் கேட்டுப் பார்ப்போம். கி.மு. 325இல் அலெக்சாண்டர் சிந்து நதிப் பக்கத்தில் இருந்து திரும்புகிறார். படை கரையை ஒட்டித் தரையில், நியார்க்கஸ் என்ற தளபதியின் கப்பல்கள் கடலில். ஒருவருக்கு ஒருவர் துணை என்பது திட்டம். ஆனால் கப்பல்கள் இன்றைய கராச்சிப் பக்கத்தில் 24 நாள் முடங்கிக் கிடந்தன, நாங்கள் கச்சான் என்று சொல்கிற அதே தென்மேற்குப் பருவக்காற்று அடங்கும்வரை. படையிலோ மக்ரான் பாலைவனத்தில் தண்ணீர் இல்லாமல் நிறையப் பேர் செத்தார்கள். செங்கிஸ்கானின் பேரன் குப்ளாய்கான் 1281இல் யப்பானுக்கு அனுப்பிய கப்பல்களைப் புயல் அடித்துப் போட்டது. யப்பானியர் அதற்குத் தெய்வக்காற்று, காமிகாசே என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை இரண்டாம் உலகப் போரில் தற்கொலை விமானிகளுக்குப் பாவித்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

நெப்போலியன் மட்டும் மிச்சம். அவருக்காகத்தான் திருகோணமலைக்கு வரவேண்டியிருக்கிறது, மன்னிக்க வேண்டும்.

வாடைக்காலத்தில் சென்னைக் கரை பாய்க்கப்பல்களுக்கு யமன். ஒதுங்க இடமே இல்லை. ஐப்பசி பிறந்தால் கடற்படைகள் அந்தக் கரையை விட்டு ஓடவேண்டும், ஆங்கிலேயர் பம்பாய்க்கு ஓடினார்கள். வங்காள விரிகுடாவின் இந்தப் பக்கத்தில் எந்தக் காற்றுக்கும் அசையாத குடா எங்களுடையது ஒன்றுதான். அதனால்தான் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் இந்தக் குடாவின் வாசலில் வரிசை கட்டினார்கள். எங்கள் பெருமைக்காக இல்லை, நங்கூரம் போட இடம் தேடி.

1782ஐப் பாருங்கள். ஜனவரியில் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸ் ஒல்லாந்தரிடம் இருந்து திருகோணமலையைப் பிடித்தார். ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரன் வந்தார். எனக்கு மிகவும் பிடித்த ஆள் இவர். தடித்த உடம்பு, முன்கோபி, கீழே இருந்த கப்டன்மாரில் பாதிப்பேர் சொல் கேட்கமாட்டார்கள், பழுதுபார்க்கத் துறையும் இல்லை. பெரிய கப்பலின் பாய்மரம் முறிந்தால் சின்னக் கப்பலின் மரத்தைக் கழற்றிப் பூட்டுவார். அந்த நிலையில் வந்து ஒரு கிழமைக்குள் கோட்டையை வாங்கிவிட்டார். ஹியூஸ் எங்கே? சென்னையில் பழுதுபார்த்துவிட்டு ஓகஸ்ட் 20இல்தான் புறப்பட்டார். தெற்கே வர வேண்டும், சோழகம் என்ற தென்காற்று எதிரே அடிக்கிறது. செப்டெம்பர் 2இல் வந்து பார்த்தால் கோட்டையில் பிரெஞ்சுக்கொடி. கோட்டை சரணடைந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது! அடுத்த நாள் வெளிக்கடலில் பெரிய சண்டை, சுப்ரனின் சொந்தக் கப்பலின் நடுப்பாய்மரமே விழுந்தது, ஆனாலும் துறை அவர் கையில்தான் இருந்தது. சமாதானம் வந்த பிறகு அதைத் திரும்ப ஒல்லாந்தரிடமே கொடுத்துவிட்டார்கள். அத்தனை பிணத்துக்கும் கணக்கு அவ்வளவுதான்.

இங்கே ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். எதிர்க்காற்று ஹியூஸைப் பிந்த வைத்தது உண்மை. ஆனால் அந்த இடைவெளிக்குள் பாய்ந்து வேலையை முடிக்கச் சுப்ரன் மாதிரி ஒருவர் வேண்டியிருந்தது. ஆகவே மனிதர்கள் ஒன்றுமில்லை என்று நான் சொல்வதாக யாரும் எழுதாதீர்கள். போன மாதம் ஒரு தம்பி அப்படி எழுதி எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

சரி, நெப்போலியன். 1798இல் எகிப்தில் இறங்கினார். அங்கே விட்டுவிட்டு வந்த பிரெஞ்சுப்படையை அடிக்க இந்தியாவில் இருந்து ஒரு படை அனுப்ப ஆங்கிலேயர் யோசித்தார்கள். படை கூடிய இடம் எது? திருகோணமலை. 1800 கடைசியில் இங்கே வந்து அதற்குப் பொறுப்பாக இருந்தவர் ஆதர் வெல்லஸ்லி, இந்திய ஆளுநர் நாயகத்தின் தம்பி, வயது 31. பிரெட்றிக் கோட்டைக்குள் அவர் பெயரில் ஒரு பழைய வீடு இன்னும் இருக்கிறது.

ஒருமுறை பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனேன். கோட்டைக்குள் மான்கள் நடமாடும், தெரியும்தானே. நான் கையைக் காட்டி விளக்கிக்கொண்டிருக்க, பின்னால் நின்ற மான் என் குறிப்புத்தாளைப் பிடுங்கித் தின்றுவிட்டது. வெல்லஸ்லியின் திகதிகள் முழுவதும் அதில். ஒரு பிள்ளை, “சேர், மான் பாஸ் ஆகும்” என்றது. அன்று முதல் நான் தாள் வைத்துக்கொண்டு பேசுவதில்லை.

வெல்லஸ்லி 1801 தொடக்கத்தில் படையைப் பம்பாய்க்குக் கொண்டுபோனார். அதற்குள் தலைமை பெயார்ட் என்ற மூத்த அதிகாரிக்குப் போய்விட்டது. தம்பிக்கு மனம் கசந்தது. பம்பாயில் காய்ச்சல் பிடித்தது, படுத்துவிட்டார், எகிப்துக்குப் போகவில்லை. அவர் ஏறவேண்டிய கப்பல் செங்கடலில் ஆட்களோடு தாழ்ந்துபோனதாகச் சொல்கிறார்கள். காய்ச்சல் மாறி மைசூருக்குத் திரும்பினார். 14 வருடம் கழித்து, 1815 ஜூன் 18, வாட்டர்லூ. நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபு அந்தக் காய்ச்சல்காரர்தான். அவர் இல்லாவிட்டால் வேறொருவர் வென்றிருப்பாரா என்று கேட்டால், இருக்கலாம். நான் சோதிடர் இல்லை.

நீராவி வந்த பிறகு உங்கள் காற்றுக் கதை எடுபடாதே சேர் என்று ஒருவர் கேட்பார். எடுபடாது. 1942 ஏப்ரல் 9இல் யப்பான் விமானங்கள் இங்கே குண்டு போட்டபோது, போர்க்கப்பல்கள் காற்றுக்குக் காத்திருக்கவில்லை, எண்ணெய்க்குத்தான். சீனன்குடாவில் காட்டுக்குள் நிற்கிற 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தனியாகப் பேசியிருக்கிறேன், இன்றைக்கு விடுகிறேன்.

தங்கச்சி, திருகோணமலைக்குக் கொண்டுவருகிறேன் என்று குறை சொன்னீர்களே, உங்கள் மூதூருக்கே வருகிறேன். 1659 நவம்பரில் ஒரு ஆங்கிலேயக் கப்பல் சோழமண்டலக் கரையில் புயலில் சிக்கிப் பெரிய பாய்மரத்தை இழந்தது. புது மரம் வெட்டிப் பூட்ட உங்கள் ஊர்ப் பக்கத்துக் கொட்டியார்க் குடாவுக்கு வந்தார்கள். கண்டி அரசன் இராசசிங்கனின் ஆட்கள் கரைக்கு வந்தவர்களைப் பிடித்தார்கள். அதில் ஒருவர் ரொபேட் நொக்ஸ், கப்டனின் மகன், 20 வயதுகூட நிரம்பவில்லை. 19 வருடம் கழித்துத்தான் தப்பிப்போனார். 1681இல் அவர் எழுதிய புத்தகத்தைப் படித்துத்தான் கண்டி இராச்சியம் எப்படி இருந்தது என்று ஐரோப்பா விரிவாக அறிந்தது. அவர்களைப் பிடித்ததாகச் சொல்லும் மரத்தடியில் உங்கள் ஊரில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. நான் பார்த்தது லோஞ்சில் கடல் கடந்து மூதூருக்கு வந்த காலத்தில். அதுவும் வாடையில் லோஞ்சு ஓடாமல் இரண்டு நாள் அங்கே மாட்டிக்கொண்டதால்தான் பார்த்தேன். இப்போது எழுத்து வாசிக்கக்கூடியதாக இருக்கிறதா என்று போய்ப் பார்த்து, ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அடுத்த காணொளியில் காட்டுகிறேன்.