நாற்காலியில் நான்காம் எண்

வணக்கம், நேயர்களே.

சேலத்தில் பெண்கள் பள்ளி ஒன்றில் முப்பது ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கூடைப்பந்தைப் பற்றிப் பேசுங்கள் என்று அழைத்தார்கள். விதிமுறைகளைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். அதனால் எங்கள் அணியின் ஓர் ஆண்டை மட்டும் சொல்கிறேன். அந்த ஆண்டில் ஒருத்திக்கு முழங்கால் போனது. அதே ஆண்டில்தான் இன்னொருத்தி விளையாட்டுக்காரியாக ஆனாள்.

பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. இருவரும் இன்று குடும்பம், வேலை என்று இருப்பவர்கள். அதனால் பெயர் வேண்டாம், சட்டை எண்ணைச் சொல்லியே அழைக்கிறேன். அப்போது கூடைப்பந்துச் சட்டையில் எண்கள் 4-இல் தொடங்கி 15-இல் முடியும். நான்காம் எண் எங்கள் கேப்டன், பதினோராம் வகுப்பு. பந்தை எதிரணிப் பக்கம் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற பாயிண்ட் கார்டு அவள்தான். பதினான்காம் எண் ஒன்பதாம் வகுப்புச் சிறுமி. சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் குடும்பம். ஆடும்போது நகை கூடாது என்பது விதி. ஒவ்வொரு நாளும் கொலுசைக் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து பைக்குள் வைத்துவிட்டுத்தான் மைதானத்துக்குள் வருவாள்.

எங்கள் மைதானம் சிமெண்ட் தரை. ஒரு பக்கத்துப் பலகைக்கு மேலே சேர்வராயன் மலை தெரியும். காலை ஐந்தரை மணிப் பயிற்சியில் மலை பாதிவரை மேகத்துக்குள் இருக்கும். வெயில் ஏறி மலை முழுதாகத் தெரியும்போது பயிற்சி முடிந்திருக்கும். எங்களுக்கு அதுதான் கடிகாரம்.

ஆடி மாதக் கடைசியில் ஒரு போட்டி, ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் இரண்டாவது. நான்காம் எண் பந்தை வாங்கிக்கொண்டு தனியாக ஓடினாள். வளையத்துக்கு அருகே திடீரென நின்று, எகிறி, ஒற்றைக் காலில் இறங்கித் திரும்பினாள். யாரும் அவளைத் தொடவில்லை. ஈரக் கயிறு அறுந்ததுபோல ஒரு சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தபோது இரண்டு கைகளாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. "மிஸ், முட்டி உள்ளே கழன்றுவிட்டது" என்றாள்.

மக்கள் ஜவ்வு கிழிந்துவிட்டது என்று சொல்கிறார்களே, அந்தக் காயம். மருத்துவர்கள் ஏ.சி.எல். என்பார்கள். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள் குறுக்காகக் கட்டிவைத்திருக்கும் நார் அது. பெரும்பாலும் மோதலினால் கிழிவதில்லை. நிற்பதிலும் திரும்புவதிலும் இறங்குவதிலும்தான் கிழிகிறது. கூடைப்பந்தில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகமாக ஏற்படுகிறது. இது எனக்கு அன்று தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். அன்று மாலை வீட்டில் யாரோ நல்லெண்ணெய் தேய்த்து நீவி விட்டார்கள். மறுநாள் கால் பூசணிக்காய்போல வீங்கியிருந்தது. பெற்றோர்களே, முழங்காலில் சத்தம் கேட்டு வீங்கினால் நீவாதீர்கள். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள், காலை உயர்த்தி வையுங்கள், எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இதைச் சொல்வதற்காகவே இன்று வந்தேன் என்று சொன்னாலும் தகும்.

அந்த ஆட்டத்துக்குத் திரும்புகிறேன். ஆள் மாற்றினேன். பதினான்காம் எண் உள்ளே போனாள். போகும்போது அவள் தோளைத் தட்டி, "அக்காவைப் போலவே ஆடு கண்ணு" என்றேன். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். ஒரு சிறுமியிடம் அதைவிடக் கெட்ட வார்த்தை எதையும் நான் சொன்னதில்லை.

பந்து கையில் கிடைத்தால் எட்டு நொடிகளுக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். அக்காவைப் போலப் பந்தைத் தட்டிக்கொண்டே தாண்டப் பார்த்தாள். அக்கா முழங்கால் உயரத்தில் தட்டுவாள், இவள் இடுப்பு உயரத்தில் தட்டினாள். அக்காவின் கண் மைதானம் முழுவதும் இருக்கும், இவள் கண் பந்தின் மேலேயே இருந்தது. இரண்டு முறை எட்டு நொடிகள் கடந்து பந்து எதிரணிக்குப் போனது. மூன்று முறை கையிலிருந்தே பறித்துக்கொண்டார்கள். பெரிய வித்தியாசத்தில் தோற்றோம். திரும்பி வரும்போது பஸ்ஸின் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போனேன். "என்னால் அக்காவாக முடியாது மிஸ்" என்றாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சென்னையில் 1920-இல் ஹாரி பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவள் நான். அங்கே எங்கள் ஆசிரியர் ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்லும் ஓர் ஆட்டம் உண்டு. 1980 மே 16, அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.-வின் இறுதித் தொடரில் ஆறாவது ஆட்டம். லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணியின் தூணாக இருந்த கரீம் அப்துல் ஜப்பார் முந்தைய ஆட்டத்தில் கணுக்கால் பிசகி ஊரிலேயே தங்கிவிட்டார். வளையத்தருகே நின்று ஆடும் சென்டர் அவர். அந்த இடத்தில் இறங்கியவர் மேஜிக் ஜான்சன். இருபது வயது, அணியில் முதல் ஆண்டு, அதுவும் பாயிண்ட் கார்டு. 42 புள்ளிகள் எடுத்தார். வளையத்தில் விழாமல் திரும்பிய பந்தைப் பிடிக்கும் ரீபவுண்ட் 15, மற்றவர் புள்ளி எடுக்கப் பந்து கொடுக்கும் அசிஸ்ட் 7. லேக்கர்ஸ் கோப்பையை வென்றது.

எல்லோரும் அந்த 42-ஐத்தான் சொல்வார்கள். எங்கள் ஆசிரியர் இன்னோர் எண்ணையும் கரும்பலகையில் எழுதுவார்: 37. அது அதே அணியின் ஜமால் வில்க்ஸ் அன்று எடுத்த புள்ளிகள். கரீம் விட்டுப்போன இடத்தை ஒருவர் மட்டும் அடைக்கவில்லை. அணியே நகர்ந்து உட்கார்ந்தது. படிக்கும் காலத்தில் அதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். அதன் பொருள் அந்த இரவில்தான் எனக்கு விளங்கியது.

மறுநாளே பதினான்காம் எண்ணை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். ஏழாம் வகுப்புவரை அவள் எறிபந்து ஆடியவள். பந்தைப் பிடித்த கையோடு விட்டுவிடுவாள், பிடிப்பதற்குள்ளேயே எங்கே விடவேண்டும் என்று முடிவு செய்திருப்பாள். இதை நான் எப்படிக் கவனிக்காமல் இருந்தேன்? தட்டிக்கொண்டு ஓடுகிற காலைவிடக் காற்றில் போகிற பந்துக்கு வேகம் அதிகம். எட்டு நொடிகளில் நடுக்கோட்டைத் தாண்ட மூன்று பாஸ் போதும். ஆட்டத்தையே அப்படி மாற்றினோம். அக்கா தனியாகச் செய்துகொண்டிருந்த வேலையைப் பிரித்தோம். எதிரணியின் பாயிண்ட் கார்டைத் தடுப்பது ஒன்பதாம் எண். நெருக்கடியில் பந்தை வளையத்துக்கு எறிவது ஏழாம் எண். பந்து முதலில் போவது மட்டும் பதினான்காம் எண்ணிடம்.

தட்டக் கற்காமலும் இருக்க முடியாது அல்லவா. அதைக் கற்றுக்கொடுத்தது நான் இல்லை.

அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் வாரம் நான்காம் எண் ஊன்றுகோலோடு மைதானத்துக்கு வந்தாள். படி ஏறவே அவ்வளவு நேரம் ஆனது. வேப்பமரத்தடியில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம், காலை நீட்டிவைக்க ஒரு பெஞ்சும் போட்டோம். பயிற்சி தொடங்கும் முன் சின்னவள் ஓடிப்போய்க் கைக்குட்டை முடிப்பை அவள் மடியில் வைத்தாள். அன்றிலிருந்து கொலுசு பைக்குள் போகவில்லை. அக்காவின் மடிக்குத்தான் போனது.

பெரியவள் நாற்காலியில் இருந்தபடியே கையைத் தூக்கி விரல்களைக் காட்டுவாள். சின்னவள் பந்தைத் தட்டிக்கொண்டே எத்தனை விரல் என்று உரக்கச் சொல்ல வேண்டும். பந்தைக் குனிந்து பார்த்தால் கை இறங்கிவிடும். "பந்தைப் பார்க்காதே பாப்பா, அது எங்கேயும் ஓடிவிடாது. என் கையைப் பார்." மூன்று, ஐந்து, இரண்டு, நான்கு. மலையிலிருந்து மேகம் விலகும்வரை அந்தக் குரல்கள் கேட்டுக்கொண்டே இருக்கும். கார்த்திகை மாதத்தில் ஒருநாள் கவனித்தேன், பந்து அவள் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது. யாரும் இறக்கச் சொல்லவில்லை.

இன்னொன்றில் பிடிவாதமாக இருந்தேன். நாற்பது நிமிட ஆட்டத்தில் முதலில் பதினைந்து நிமிடம், பிறகு இருபது. அதற்கு மேல் அந்தப் பெண்ணை ஆடவிடவில்லை. நன்றாக ஆடுகிறவளை ஏன் உட்காரவைக்கிறீர்கள் என்று கேட்டவர்கள் உண்டு. ஒருத்தி செய்த வேலையை இன்னொருத்தியின் தலையில் மொத்தமாக ஏற்றினால், களைத்த கால் தப்பாக இறங்கும். அடுத்த நாற்காலிக்கு ஆள் தயாராகிவிடும். அந்த ஆண்டிலிருந்து தினமும் பத்து நிமிடம் குதித்து இறங்கும் பயிற்சி வைத்தேன். முழங்கால் உள்பக்கமாகச் சாயாமல், பாதத்துக்கு நேராக, மடங்கி, சத்தமில்லாமல் இறங்க வேண்டும். "பூனைபோல இறங்குங்கள்" என்பேன். ஓய்வு பெறும் நாள்வரை அதை விடவில்லை.

நம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனை உங்களுக்கெல்லாம் தெரியும். 2020-இல் வலைப்பயிற்சிக்குப் பந்துவீச ஆஸ்திரேலியா போனவர். இந்திய அணியினர் ஒருவர்பின் ஒருவராகக் காயம்பட, ஒருநாள், டி20, டெஸ்ட் என்று மூன்றிலும் ஒரே பயணத்தில் அறிமுகமான முதல் இந்தியரானார். பிரிஸ்பேன் டெஸ்ட்டின் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட். பும்ரா இல்லாத ஆட்டம் அது. ஆனால் அவர் பும்ராவாக முயலவில்லை, சின்னப்பம்பட்டியில் இடக்கையால் என்ன வீசினாரோ அதைத்தான் வீசினார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு அந்த பஸ்ஸின் கடைசி இருக்கைதான் நினைவுக்கு வந்தது.

அடுத்த ஆண்டு, பத்து மாதம் கழித்து, மருத்துவர் அனுமதித்த பிறகே நான்காம் எண் திரும்பி வந்தாள். எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். அவள் விட்டுப்போன இடம் அப்படியே காத்திருக்கவில்லை. ஆட்டமே மாறிவிட்டிருந்தது. பந்து முதலில் சின்னவளிடம் போவதைப் பார்த்து முதல் வாரம் யாரோடும் பேசவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அந்த வருத்தத்துக்கு அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. எட்டாம் நாள் அவளே வந்து, "மிஸ், பந்தை அவள் கொண்டுவரட்டும். நான் ஓரத்தில் ஓடி வாங்கிக்கொள்கிறேன்" என்றாள்.

முதல் போட்டி. விசில் ஊதப் போகிறார்கள். சின்னவள் வழக்கம்போலக் கொலுசைக் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து அக்காவிடம் நீட்டினாள். அக்காவும் வழக்கம்போல வாங்கிக்கொண்டாள். பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. வைத்துக்கொள்ள மடி இல்லை, அவளும் ஆடப்போகிறாள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இருவருமாக ஓடிவந்து முடிப்பை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். நாற்பது நிமிடமும் நான் எழுந்து எழுந்து கத்தும்போதெல்லாம் அந்தக் கொலுசு என் பையில் சிணுங்கிக்கொண்டிருந்தது.

வணக்கம்.