மச்சான் பாட வர, மாமா பிடிக்க நிற்க: ஓர் எல்லையோரக் கபடி நாவல்

[காட்சி: கடலூர் – புதுச்சேரி சாலை, பஸ் ஜன்னலிலிருந்து]

வணக்கம். கடலூரில் பஸ் ஏறித் தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் முள்ளோடை. தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி தொடங்குகிற இடம். மதுக்கடைப் பலகைகள் வரிசைகட்டினால் எல்லை தாண்டிவிட்டோம் என்று அர்த்தம். 1954 நவம்பர் 1 வரை அந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி. இன்றைக்கும் எல்லை நேர்க்கோடாக ஓடுவதில்லை. வீடு புதுச்சேரியில், நிலம் தமிழ்நாட்டில் என்று இருக்கிறவர்கள் உண்டு.

நான் எழுதிக்கொண்டிருக்கும் நாவல் இங்கேதான் நடக்கிறது. புதுச்சேரியில் பாகூர்ப் பக்கம் ஓர் ஊர், தமிழ்நாட்டில் கடலூர்ப் பக்கம் ஓர் ஊர், இரண்டு கபடி டீம். ஊர்ப் பெயர்கள் கற்பனை. நிஜப் பெயரைப் போட்டால் காணும் பொங்கலுக்கு நான் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

பக்கத்து ஊர்ப் போட்டியைக் கதையாக்க உட்கார்ந்தால் முதலில் இடிப்பது வில்லன். எதிர் டீமில் ஒரு கெட்டவனை வைத்தால் வேலை சுலபம். நானும் வைத்தேன். நூறு பக்கம் போனபிறகு தூக்கிப் போட்டேன். ஆற்றுக்கு இரண்டு பக்கமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்களில் எதிர் டீம்காரன் யார்? அக்காவைக் கட்டியவர்! இப்போது என் கதாநாயகன் கடலூர்ப் பக்கத்து ரெய்டர், அதாவது பாடிப் போகிறவன். அவன் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊரில் அவள் புருஷன்தான் லெஃப்ட் கார்னர், இடது ஓரத்தில் நின்று பிடிக்கிறவர்.

[காட்சி: மண் ஆடுகளம், சுண்ணாம்புக் கோடு]

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. தேசியப் போட்டிகளுக்குப் புதுச்சேரி தனி அணி அனுப்புகிறது, தமிழ்நாடு தனி அணி. சைக்கிளில் போகும் தூரத்தில் இருக்கும் இரண்டு பேர் இரண்டு மாநிலத்துக்கு ஆடலாம். எந்த ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறது என்பதுகூட ஒருவனுடைய ஆட்டத்தைத் தீர்மானிக்கும். நாவலில் ஓர் அத்தியாயம் முழுக்க அதுதான். அதை இங்கே சொல்லப்போவதில்லை.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். ஆண்களுக்கான ஆடுகளத்தில் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன் என்கிற முதல் கோடு. அதற்கு 1 மீட்டர் தள்ளி போனஸ் கோடு. எதிரில் ஆறு பேராவது நிற்கும்போது ஒரு காலால் போனஸ் கோட்டைத் தாண்டி ஊன்றி, மற்றக் கால் அந்தரத்தில் இருந்தால் ஒரு புள்ளி. அதற்குப் பிறகு பிடிபட்டாலும் அந்தப் புள்ளி போகாது. பிடித்தவர்களுக்கும் ஒரு புள்ளி கிடைக்கும்.

கடைசி ரெய்டு. இரண்டு பக்கமும் சம புள்ளி. கையில் 30 விநாடி. எதிரே ஏழு பேரும் நிற்கிறார்கள். என் கதாநாயகன் உள்ளங்கையில் மண்ணைத் தேய்த்து, தொடையைத் தட்டிக்கொண்டு இறங்குகிறான். இடது பக்கம் ஒரு போக்குக் காட்டி, வலது காலை நீட்டி ஊன்றிய நொடியில் மாமா கணுக்காலைப் பிடித்துவிட்டார். மற்ற ஆறு பேரும் மேலே விழுகிறார்கள்.

கோட்டைத் தாண்டினானா? தாண்டியிருந்தால் ஆட்டம் சமம். இல்லையென்றால் ஒரு புள்ளியில் தோல்வி. பாய் விரித்த களமாக இருந்தால் கோடு அப்படியே இருக்கும். இது சுண்ணாம்புத் தூள். புரண்ட புரளலில் இரண்டடிக்குக் கோட்டையே காணோம். மைக்கில் பேசுகிறவர் ஒன்று சொல்ல, நடுவர் இன்னொன்று சொல்ல, விழாக் குழு மேடையேறிவிட்டது. புரோ கபடி 2014இல் வந்தது. அதற்கு முந்தைய காலத்தில்தான் கதையை வைத்திருக்கிறேன், ஆளாளுக்குக் கையில் செல்போன் வீடியோ இல்லாத காலம். வீடியோ இருந்தால் இரண்டே நிமிடத்தில் தகராறு தீர்ந்துவிடும், எனக்கு நாவலே கிடையாது.

அக்கா யாருக்காகக் கத்தினாள் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அவள் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

[காட்சி: இருட்டு, பைக் விளக்கு]

தீர்ப்பு என்ன ஆனது என்பது புத்தகத்தில் இருக்கட்டும். அப்புறம் நடந்ததை மட்டும் சொல்கிறேன். இவன் கணுக்கால் வீங்கிவிட்டது. ராத்திரி பதினொரு மணிக்கு, பிடித்துக் கவிழ்த்த அதே மாமாதான் பைக்கை எடுக்கிறார். பின்னால் இவன், ஜிப்மருக்கு. அரியாங்குப்பம் வரை ஒரு வார்த்தை இல்லை. பாலத்தின்மேல் வண்டியை மெதுவாக்கி, திரும்பாமலே கேட்கிறார்:

“டேய், இங்க யாரும் இல்ல. உண்மையச் சொல்லு. தாண்டினியா?”